தூக்குவாளி இருக்கக் கவர் எதற்கு?

காலை 8 மணி. எந்த ஊர் டிபன் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை விட, பார்சல் வாங்க நிற்கிறவர்கள்தான் அதிகம்.

கட்டட வேலைக்குப் போகிறவர் நிற்கிறார். மில்லுக்குப் போகிற பெண் நிற்கிறார். காய்ச்சலில் படுத்திருக்கும் பேரனுக்கு இட்லி வாங்க ஒரு பாட்டி நிற்கிறார். கடைக்காரர் கை ஓயாமல் கட்டிக் கொடுக்கிறார்.

பார்சல் வாங்குவது தப்பா? தப்பே இல்லை. விடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. அடுப்பு மூட்ட நேரம் இல்லாத வீட்டுக்கு அதுதான் சோறு.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சாப்பாடு வயிற்றுக்குள் போகிறது. அதைக் கட்டிக் கொடுத்த கவர் எங்கே போகிறது?

ஒரு பார்சலில் எத்தனை கவர்?

எண்ணிப் பார்ப்போம். 4 இட்லி வாங்குகிறோம்.

இட்லியை வைத்து மடிக்க பிளாஸ்டிக் தாள் 1.
சாம்பாருக்குக் கவர் 1.
தேங்காய்ச் சட்னிக்குக் கவர் 1.
காரச் சட்னிக்குக் கவர் 1.
எல்லாவற்றையும் போட்டுக் கொடுக்கப் பை 1.
ஆக மொத்தம் 5.

ஒருவர் மாதத்தில் 25 நாள் இப்படி வாங்கினால் 125 ஆகிறது. ஒரு வருடத்துக்கு 1,500. இது ஒரே ஒரு ஆளின் கணக்கு. ஒரு தெருவில் 20 பேர் இப்படி வாங்கினால் வருடத்துக்கு 30,000.

சாம்பார்க் கவரின் வேலை எவ்வளவு நேரம்? கடையிலிருந்து வீடு வரும் வரைதான். பத்து நிமிடம், அதிகம் போனால் அரை மணி நேரம். அதற்குப் பிறகு அது குப்பை.

வாழை இலையை மண்ணில் போட்டால் சில வாரங்களில் மட்கிவிடும். பிளாஸ்டிக் அப்படி மட்காது. பெட்ரோலும் டீசலும் எடுக்கிற கச்சா எண்ணெயிலிருந்துதான் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் வருகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் அதைத் தின்ன முடியாது. வெயிலில் காய்ந்து, நொறுங்கி, தூள் தூளாகும். தூளாகியும் பிளாஸ்டிக்காகவே இருக்கும். நம் ஆயுள் முடியும். நம் பேரன் ஆயுளும் முடியும். அந்தத் தூள் மண்ணில் கிடக்கும்.

மாட்டின் வயிற்றில்

சாப்பிட்டு முடித்ததும் நாம் என்ன செய்கிறோம்? மிச்சம் மீதியைக் கவரோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வீசுகிறோம். கவருக்குள் கொஞ்சம் சாம்பார் இருக்கிறது. இட்லித் துண்டு இருக்கிறது. உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கின்றன.

தெருவில் போகிற மாட்டுக்கு அந்த வாசனை தெரியும். முடிச்சை அவிழ்க்க அதற்குக் கை இல்லை. கவரோடு விழுங்கிவிடும். மாடு தீனியை முதலில் நன்றாக மெல்லாமல் விழுங்கும். பிறகுதான் அசை போடும். ஆனால் கவர் செரிக்காது. வெளியேயும் வராது. இரைப்பையிலேயே தங்கிவிடும். ஒன்றோடு ஒன்று சுற்றிக்கொண்டு பந்து போல ஆகும். மாட்டுக்கு வயிறு நிறைந்தது போல இருக்கும். தீனி எடுக்காது. பால் குறையும். கடைசியில் செத்தும் போகும்.

2019ஆம் ஆண்டு சென்னையில் ஒரு பசுவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதைச் செய்தார்கள். அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். 52 கிலோ என்றால் ஓர் அரிசி மூட்டையின் எடை. ஒரு மாட்டை நம்பி ஒரு குடும்பமே பிழைக்கிறது. எங்கோ யாரோ வீசிய கவர் அந்தக் குடும்பத்தின் வயிற்றில் அடிக்கிறது.

சாக்கடையில், தீயில், குப்பை பொறுக்கும் கையில்

மெல்லிய கவர் காற்றில் பறக்கும். பறந்து சாக்கடையில் விழும். தண்ணீர் போகிற வழியை அடைக்கும்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி மும்பையில் பேய் மழை கொட்டியது. சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நகரமே மூழ்கியது. அளவுக்கு மீறிய மழைதான் முதல் காரணம். வடிகால்களை அடைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்துகொண்டன. பெய்த தண்ணீருக்கு ஓட வழி இல்லை.

சிலர் குப்பையைக் கூட்டித் தீ வைத்துவிடுகிறார்கள். குப்பை கண்ணை விட்டுப் போகிறது. ஆனால் புகை மூக்குக்குள் போகிறது. பிளாஸ்டிக் எரியும் புகையில் நச்சு வாயுக்கள் உண்டு. முதலில் அதைச் சுவாசிப்பவர்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைகள்தான்.

குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். தடித்த பிளாஸ்டிக்கைக் காயலான் கடையில் வாங்குவார்கள். மெல்லிய கவருக்கு விலை கிடைப்பது அரிது. ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கான கவர் பொறுக்க வேண்டும். எண்ணெயும் குழம்பும் ஒட்டியிருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் மற்ற குப்பையெல்லாம் விலை போனாலும், சாம்பார்க் கவர் மட்டும் அங்கேயே கிடக்கும். முடிச்சுப் போட்ட, அழுகி நாறும் கவரை அவிழ்ப்பது யார் கை? நகராட்சித் துப்புரவுத் தொழிலாளியின் கை.

நம் உடம்புக்கும் நல்லதல்ல

கொதிக்கிற சாம்பாரையும் சுடச்சுடத் தேநீரையும் பிளாஸ்டிக் கவரில் ஊற்றுகிறோம். சூடும் எண்ணெயும் படும்போது பிளாஸ்டிக்கில் சேர்த்துள்ள சில வேதிப்பொருள்கள் உணவில் கலக்கக்கூடும்.

"அப்படியானால் பேப்பர் கப் நல்லதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். வெறும் காகிதத்தில் தேநீர் ஊற்றினால் ஊறிப்போகும். ஊறாமல் இருக்க, உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் இதைச் சோதித்தார்கள். சூடான திரவத்தை 15 நிமிடம் பேப்பர் கப்பில் வைத்தார்கள். 100 மில்லி திரவத்தில் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அவை. தேநீரோடு சேர்ந்து உள்ளே போகும்.

வடை, பஜ்ஜியைச் செய்தித்தாளில் கட்டித் தருகிறார்கள். எண்ணெய் பிழிய அதே தாளில் வைத்து அழுத்துகிறோம். அச்சு மையில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் உண்டு. எண்ணெயில் மை கரைந்து பஜ்ஜியில் ஒட்டும். அதனால்தான் உணவுப் பொருளைச் செய்தித்தாளில் கட்டக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கொண்டுவந்த விதிகள் அவை.

முன்பு என்ன செய்தோம்?

பிளாஸ்டிக் கவர் வருவதற்கு முன்பும் மக்கள் கடையில் சாப்பாடு வாங்கினார்கள். எப்படி வாங்கினார்கள்?

நம் பக்கத்தில் தூக்குவாளி இருந்தது. காபி வாங்கப் பையன் தூக்கோடு ஓடுவான். பலகாரத்தை மந்தார இலையில் கட்டிக் கொடுத்தார்கள். வாழை இலையும் வாழை நாரும் இருந்தன.

ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்கக் காடுகளில் சால மரங்கள் நிறைய உண்டு. அங்குள்ள பழங்குடிப் பெண்கள் அந்த இலையைப் பறித்து, மெல்லிய மூங்கில் குச்சியால் தைத்துத் தட்டும் கிண்ணமும் செய்கிறார்கள். சந்தையில் விற்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அது வருமானம். தெர்மோகோல் தட்டு மலிவாக வந்ததும் அவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது. நாம் இலைத் தட்டு வாங்கினால், அந்தக் காசு ஒரு பெண்ணின் கைக்குப் போகிறது.

வட இந்தியாவில் தேநீருக்கு மண் குவளை உண்டு. குல்ஹட் என்பார்கள். 2004ஆம் ஆண்டு ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத், ரயில் நிலையங்களில் பிளாஸ்டிக் கப்புக்குப் பதில் குல்ஹட்டைக் கொண்டுவரச் சொன்னார். குயவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் எல்லா இடங்களிலும் அது நிலைக்கவில்லை. மண் குவளை கனம் அதிகம். உடையும். அதைச் சுட விறகும் வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. இலையும் மண்ணும் பிளாஸ்டிக்கை விட நல்லவை. ஆனால் அவையும் ஒரு முறை உபயோகித்து எறிகிறவைதான். எல்லாவற்றையும் விட நல்லது கழுவி மறுபடியும் வைத்துக்கொள்கிற பாத்திரம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? நம் வீட்டுப் பரணிலேயே தூக்குவாளி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2022ஆம் ஆண்டு ஜூலை 1 முதல், ஒரு முறை உபயோகித்து எறியும் சில பிளாஸ்டிக் பொருள்களுக்கு இந்தியா முழுவதும் தடை உண்டு. பிளாஸ்டிக் தட்டு, கப், டம்ளர், ஸ்பூன், முள்கரண்டி, உறிஞ்சுகுழல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2022 டிசம்பர் 31 முதல், 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைகளுக்கும் தடை வந்தது. 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். பை தடிப்பாக இருந்தால் சட்டென்று கிழியாது. திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். பழையது வாங்குகிறவரும் எடுத்துக்கொள்வார்.

சில மாநிலங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. சிக்கிம் 1998ஆம் ஆண்டே பிளாஸ்டிக் பையைத் தடை செய்தது. 2016ஆம் ஆண்டு தெர்மோகோல் தட்டையும் தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தத் தடையில் அடக்கம்.

ஆனாலும் கடையில் கவர் தொங்குகிறது. ஏன்? கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். விற்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மூடி போட்ட கறுப்பு பிளாஸ்டிக் டப்பா 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லவும் இல்லை. சட்டம் பாதி வேலையைத்தான் செய்யும். மீதி வேலை நம் கையில்.

இது நடக்கிற காரியமா?

"ஆயிரம் பேர், லட்சம் பேர் சாப்பிடுகிற ஊரில் பாத்திரம் எப்படிச் சரிவரும்?" என்று கேட்கலாம். மும்பையைப் பாருங்கள்.

மும்பையில் டப்பாவாலாக்கள் என்று ஒரு தொழிலாளர் கூட்டம் உண்டு. 1890ஆம் ஆண்டு தொடங்கிய வேலை அது. வீட்டில் சமைத்த சாப்பாட்டை டப்பாவில் வாங்கிக்கொள்வார்கள். சைக்கிளிலும் ரயிலிலும் எடுத்துப் போய் அலுவலகத்தில் கொடுப்பார்கள். மாலைக்குள் காலி டப்பா அதே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். சுமார் 5,000 பேர் சேர்ந்து, நாள்தோறும் 2 லட்சம் டப்பாக்கள் வரை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் வேலை நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது. எண்ணிக்கை குறைந்துவிட்டது.

அவர்களில் பலர் அதிகம் படிக்காதவர்கள். ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் நிறமும் எழுத்தும் எண்ணும் எழுதியிருக்கும். எந்த ரயில் நிலையம், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் எழுத்தும் கொஞ்சம் எண்ணும் தெரிந்தால் எவ்வளவு பெரிய வேலையைச் செய்யலாம், பாருங்கள்!

அமிர்தசரஸ் பொற்கோயிலில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டுதான். சாப்பிட வந்தவர்களே உட்கார்ந்து தட்டுக் கழுவுகிறார்கள். கேரளத்தில் 2015ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. தூக்கி எறியும் பொருள்களைத் தவிர்த்து, கழுவும் பாத்திரங்களை உபயோகித்தார்கள்.

அங்கே முடிந்தது நம் தெரு டிபன் கடையில் முடியாதா?

நாம் என்ன செய்யலாம்?

1. வேலைக்குப் போகும் பையில் ஒரு டிபன் பாக்சும் ஒரு சின்னத் தூக்கும் எப்போதும் இருக்கட்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். சூடான சாம்பாருக்கு எவர்சில்வர் நல்லது. புளிப்பான குழம்பை அலுமினியத்தில் நெடுநேரம் வைக்க வேண்டாம்.

2. பாத்திரத்தை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டு போங்கள். அழுக்குப் பாத்திரம் நீட்டினால் கடைக்காரர் தயங்குவார். அது நியாயம்தான்.

3. கடைக்காரர் கட்டத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டிய பிறகு சொன்னால் கவர் வீண்.

4. கூடவே ஒரு துணிப்பை. மடித்தால் கைக்குட்டை அளவுதான்.

5. ரயிலில், பஸ்ஸில் போகும்போது தண்ணீர் பாட்டில், ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன் எடுத்துப் போங்கள்.

6. போனில் சொல்லி வீட்டுக்கு வரவழைக்கிறீர்களா? "ஸ்பூன் வேண்டாம், பேப்பர் நாப்கின் வேண்டாம்" என்று சொல்லுங்கள். வீட்டில் ஸ்பூன் இருக்கிறது அல்லவா?

7. பாத்திரம் இல்லாத நாளும் வரும். அன்று இலையில் கட்டித் தரச் சொல்லுங்கள். சட்னி மட்டும் போதும் என்றால் சாம்பார்க் கவர் ஒன்று மிச்சம். நேரம் இருந்தால் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

8. தப்பித் தவறிக் கவர் வந்துவிட்டால் மிச்ச உணவோடு முடிச்சுப் போட்டு வீச வேண்டாம். உணவைத் தனியாகக் கொட்டுங்கள். கவரை அலசி உலர்ந்த குப்பையில் போடுங்கள். ஒரு மாடு பிழைக்கும். ஒரு தொழிலாளியின் கை நாறாது.

கடைக்காரர் என்ன சொல்வார்?

முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணே, 4 இட்லி. கவர் வேண்டாம். டிபன் பாக்சும் தூக்கும் கொண்டு வந்திருக்கேன்."

"கூட்ட நேரத்துல பாத்திரத்துல ஊத்த முடியுமாம்மா? கவர்னா முன்னாடியே கட்டி வச்சிருப்பேன். அளவும் தெரியும்."

"கவர்ல எத்தனை கரண்டி ஊத்துவீங்களோ, அத்தனை கரண்டி ஊத்துங்கண்ணே. மூடியைத் திறந்து நான் ரெடியா வச்சிருக்கேன்."

"சரி, கொண்டாம்மா."

கடைக்காரரும் கவரைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். பார்சலுக்கென்று தனியாகக் காசு வாங்கும் கடைகளும் உண்டு. பார்சலுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 நாளைக்கு 125 ரூபாய். வருடத்துக்கு 1,500 ரூபாய். பாத்திரம் கொண்டு வருகிறவர்களிடம் அந்தக் காசை வாங்க வேண்டாம் என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். "பாத்திரம் கொண்டு வந்தால் 2 ரூபாய் குறைவு" என்று ஒரு பலகை எழுதி மாட்டினால், அவருக்கும் நல்ல பெயர்.

ஊர் சேர்ந்து செய்யலாம்

கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா என்று வந்தால் ஒரே நாளில் ஆயிரம் தட்டு, ஆயிரம் கப் குப்பைக்குப் போகின்றன. இதற்கு ஒரு வழி இருக்கிறது. மகளிர் குழு சேர்ந்து 200 எவர்சில்வர் தட்டும் 200 டம்ளரும் வாங்கி வைக்கலாம். விசேஷ வீட்டுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். வட மாநிலங்கள் சிலவற்றில் இதைப் ‘பர்த்தன் பேங்க்’, அதாவது பாத்திர வங்கி என்கிறார்கள். குழுவுக்கு வருமானம். ஊருக்குக் குப்பை மிச்சம்.

ஆனால் கழுவுகிற வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழக் கூடாது. பொற்கோயிலில் ஆண்களும்தானே தட்டுக் கழுவுகிறார்கள்? நம் ஊரிலும் கழுவட்டும்.

கணக்குப் போடுங்கள், பேசுங்கள்

1. நேற்று உங்கள் வீட்டுக்கு வந்த பார்சலில் எத்தனை கவர், எத்தனை கப், எத்தனை ஸ்பூன் இருந்தன? எழுதுங்கள். அதை 30ஆல் பெருக்குங்கள்.

2. உங்கள் ஊரில் பிளாஸ்டிக் குப்பை கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது? ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

3. உங்கள் ஊர் டிபன் கடைக்காரருக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு விலை குறைக்கும்படி கேளுங்கள். நாலு பேர் கையெழுத்துப் போடுங்கள்.

4. உங்கள் வீட்டுப் பரணில் தூக்குவாளி இருக்கிறதா? நாளைக் காலை அதை எடுத்துப் போகப் போவது யார்?